டவர் உச்சியில் இறுகிய பேரிங்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

டவர் மேல் ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரோட்டரை ஓட்டும்போது கண்ட்ரோல் பாக்ஸின் முள் ஓரிடத்தில் தயங்கி நின்று, அப்புறம் வெடுக்கென்று நகர்ந்தால், ஹாம் ரேடியோ என்ற அமெச்சூர் வானொலிக்காரர்களில் பெரும்பாலோர் உடனே ரோட்டரைத்தான் சந்தேகப்படுவார்கள். சிரமப்பட்டுக் கழற்றி, கீழே கொண்டுவந்து, மேசையில் வைத்து ஓட்டினால் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடும். கோளாறு பெரும்பாலும் அதற்கு மேலே, டவரின் உச்சித் தகட்டில், ஆன்டெனாவைத் தாங்கும் குழாயான மாஸ்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் த்ரஸ்ட் பேரிங்கில் இருக்கும். டவர் ஏறிய நாளுக்குப் பிறகு வருடக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது.

அது இறுகிவிட்டால் செய்ய நான்கு வழிகள் உண்டு. இருப்பதையே பிரித்துப் புதுப்பிக்கலாம். அதே மாதிரிப் புதிது ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். உள்ளூர் பேரிங் கடையில் கிடைக்கும் ஃபிளாஞ்ச் பேரிங்கை வைக்கலாம். உருளும் குண்டே வேண்டாம் என்று, லேத்தில் கடைந்த பிளாஸ்டிக் புஷ் ஒன்றைப் போட்டுவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருநெல்வேலிச் சீமையில் ஒற்றை பீம் (ஒரு திசையை நோக்கி நிற்கும் ஆன்டெனா) வைத்திருக்கும் பெரும்பாலான டவர்களுக்குக் கடைசி வழிதான் சரி. விதிவிலக்கு உண்டு. கடற்கரைக்கு ஒரு நியாயம், பாளையங்கோட்டைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆன்டெனாவின் கனத்தைப் பொறுத்தும் விடை மாறும்.

முடிவெடுப்பதற்கு முன்னால் அந்த பேரிங்குக்கு உண்மையில் என்ன வேலை என்று பார்த்துவிட வேண்டும். ஆன்டெனாவின் எடையைத் தாங்குவதுதான் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. மூன்று அலைவரிசைகளுக்கான மூன்று எலிமென்ட் ட்ரைபேண்டர் பீம் 15 முதல் 20 கிலோ இருக்கும். ஒன்றரை அங்குல மீடியம் ஜி.ஐ. பைப் மீட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ. மூன்று மீட்டர் மாஸ்ட் 11 கிலோவுக்குள் அடங்கும். கிளாம்ப், கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் பாலன், தொங்கும் கேபிள் எல்லாம் சேர்த்தாலும் 35 கிலோவைத் தாண்டுவது கஷ்டம். யேசு (Yaesu) நிறுவனத்தின் ஜி-450 என்ற சின்ன ரோட்டரே 100 கிலோ செங்குத்துப் பாரம் தாங்கும்படி செய்யப்பட்டது. ஜி-1000 என்றால் 200 கிலோ. ஆகவே எடையை ரோட்டர் மேலேயே உட்கார விடலாம். மணி வடிவ ஹவுசிங் உள்ள ஹை-கெயின் நிறுவன ரோட்டர்களுக்கு அப்படிக் கொஞ்சம் எடை உட்கார்ந்திருப்பதே நல்லது. உள்ளே இருக்கும் குண்டுகள் அப்போதுதான் தடத்தில் சீராக ஓடும்.

உச்சியில் தேவைப்படுவது பக்கவாட்டுப் பிடிப்பு. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதியில் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். நாம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும்: சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன். பீமின் காற்றுப் பரப்பு 0.45 சதுர மீட்டர் என்றால் அதன்மேல் விழும் தள்ளல் ஏறக்குறைய 42 கிலோ. இப்போது ரோட்டர் உச்சித் தகட்டுக்கு 1.2 மீட்டர் கீழே, பீம் தகட்டுக்கு 0.6 மீட்டர் மேலே என்று வையுங்கள். உச்சியில் விழும் பக்கவாட்டுச் சுமை 63 கிலோ, ரோட்டருக்குப் போவது 21 கிலோ. ரோட்டரை இன்னும் மேலே ஏற்றி இடைவெளியை 0.6 மீட்டராகக் குறைத்தால் உச்சிக்கு 84, ரோட்டருக்கு 42 என்று இரண்டுமே கூடிவிடும். உச்சியில் பிடிப்பே இல்லையென்றால் மொத்த வளைவு விசையும் ரோட்டரின் கழுத்தில்தான். ஹை-கெயின் தன் ஹாம்-4 ரோட்டருக்கு டவருக்குள்ளே வைத்தால் 15 சதுர அடிக் காற்றுப் பரப்பு, வெளியே குழாய் முனையில் வைத்தால் 7.5 சதுர அடி என்று பாதியாகக் குறைத்துச் சொல்வது இதனால்தான்.

எனவே பேரிங் தொந்தரவு தருகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது ஒரு வழியே அல்ல. அதே சமயம், எடையைச் சுமக்கத்தான் அது இருக்கிறது என்று நினைத்து மூன்று போல்ட்டையும் முறுக்கி மாஸ்ட்டை இறுகப் பிடித்து வைப்பதும் தவறு. ரோட்டரின் மையம், அதன் கிளாம்பின் மையம், உச்சித் தகட்டு ஓட்டையின் மையம் மூன்றும் ஒரே கோட்டில் இருப்பது அபூர்வம். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும், இறுக்கிய பேரிங்கும் ரோட்டரும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். முள் ஒரே திசையில் தயங்குகிறது என்றால் துருவைத் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள். பேரிங்கின் போல்ட்களைத் தளர்த்திவிட்டு ரோட்டரை ஒரு முழுச் சுற்று ஓட்டச் சொல்லி, மேலே இருப்பவர் மாஸ்ட்டுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். மாஸ்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிச் சுற்றினால், ரோட்டர் கிளாம்பில் மெல்லிய தகடு கொடுத்து மையத்துக்குக் கொண்டுவந்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். செலவில்லாத சிகிச்சை.

சரி, மையம் சரியாக இருந்தும் இறுகுகிறது என்றால் குற்றம் பேரிங்கில்தான். அதற்கு நம் ஊர்க் காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மேல்காற்று புகுந்து வீசுகிறது. முப்பந்தல், பணகுடி, ராதாபுரம், கயத்தாறு என்று காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதை நம்பித்தான். அந்த மாதங்களில் நாம் பீமை ஐரோப்பாவை நோக்கி வடமேற்கில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனாலும் மாஸ்ட் தூங்குவதில்லை. ரோட்டரின் பல்சக்கரத்தில் இருக்கும் சின்ன இடைவெளிக்குள் அது ராத்திரி முழுக்க அரை டிகிரி, ஒரு டிகிரி என்று இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். குண்டுகள் உருளாமல் ஒரே புள்ளியில் நின்று தேய்க்கின்றன. அந்தப் புள்ளியிலிருந்து கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடும். வெறும் உலோகமும் உலோகமும் உரசி, தடத்தில் குண்டு குண்டாகப் பள்ளம் விழும். காற்றாலையின் இறக்கை திருப்பும் பேரிங்குகளிலும் இதே தேய்மானம் உண்டு. அங்கே பராமரிப்பு வேலை பார்க்கும் பையன்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். சுற்றாத பேரிங் தேயாது என்று நாம் நினைப்பதற்கு நேர் மாறு இது. டிஎக்ஸ் (தொலைதூர நிலையங்கள்) தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும் டவரின் பேரிங்கைவிட, ஒரே திசையில் நிறுத்தி வைத்த டவரின் பேரிங் சீக்கிரம் கெடும்.

காற்றோடு கூட வருவதைப் பார்த்தால், இடம் மாற மாற எதிரியும் மாறுகிறது. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் உப்பு. அலுமினிய ஹவுசிங், இரும்புக் குண்டு, நடுவே உப்புத்தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன மின்கலமே உருவாகி அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அரித்ததெல்லாம் வெள்ளைப் பொடியாகி, முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு குண்டுகளை நெருக்கும். திசையன்விளையைச் சுற்றித் தேரி மண். அந்தச் செம்மண் தூசி கிரீஸில் ஒட்டினால் கிரீஸ் உப்புத்தாள் வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் சாரல். ஈரம் காயவே காயாது. அப்புறம் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. அப்படிப்பட்ட மழையில், வடிகால் ஓட்டை இல்லாத பேரிங் ஹவுசிங் தண்ணீர் நிறைந்த கிண்ணம்தான்.

இந்தப் பின்னணியில் ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

புதுப்பிப்பது மனசுக்குப் பிடித்த வேலை. ரோன் டி.பி-3 போன்ற அலுமினிய பேரிங்குகளின் அமைப்பு எளிது: மேல் கிண்ணம், கீழ்க் கிண்ணம், நடுவே தளர்வாகக் கொட்டிய எஃகுக் குண்டுகள், மாஸ்ட்டைப் பிடிக்கச் சுற்றிலும் போல்ட்கள். பிரிக்கும்போது அகலமான தட்டின் மேல் வைத்துப் பிரியுங்கள். குண்டுகள் நாலாப் பக்கமும் ஓடும். உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து கறுப்பு மெழுகாகியிருக்கும், அதற்கு நடுவே அந்த வெள்ளைப் பொடி. டீசலில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் எதையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. அது அலுமினியத்தையே கரைத்துவிடும். துடைத்த பிறகு தடத்தின் மேல் விரல் நகத்தை வைத்து ஒரு முழு வட்டம் இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டே போனால் அந்த ஹவுசிங்குக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று தட்டினால் பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளம் விழுந்த தடத்தில் எவ்வளவு நல்ல குண்டு போட்டாலும் அது பழைய குழியையே தேடிப் போய் உட்காரும். புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை இந்த நகச் சோதனை ஒன்றை வைத்தே நான் தீர்மானிப்பேன்.

தடம் நன்றாக இருந்தால் குண்டுகளை மொத்தமாக மாற்ற வேண்டும். நாலு புதிது, மிச்சம் பழசு என்று கலக்கக் கூடாது. பழைய குண்டுகளில் துரு படாத ஒன்றை வெர்னியரில் அளந்து அதே அளவில் கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் குரோம் எஃகுக் குண்டு கடினமானது, ஆனால் ஈரத்துக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குண்டு என்றால் 316 என்ற ரகம் கேளுங்கள்; உப்புக்கு 304ஐவிட அது மேல். எடை ரோட்டர் மேல் இருப்பதால் குண்டு அவ்வளவு கடினமாக இருக்க வேண்டியதும் இல்லை. அசிட்டால் பிளாஸ்டிக் குண்டு போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, இரும்புத் துரு என்ற பேச்சே இருக்காது. கிரீஸ் விஷயத்தில், தண்ணீரில் கரைந்தோடாத கால்சியம் சல்ஃபொனேட் வகை நம் கடற்கரைக்கு நல்லது. படகு எஞ்சின்காரர்கள் வாங்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாமல் அதன் மேலேயே புதிதை அப்பாதீர்கள். சில வகைகள் கலந்தால் இளகி வழிந்துவிடும்.

புதுப்பிப்பதில் உயிரை வாங்குவது குண்டும் அல்ல, கிரீஸும் அல்ல. அலுமினியத்தில் இறுகிப்போன இரும்பு போல்ட்தான். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி என்று முன்னும் பின்னுமாகத்தான் எடுக்க வேண்டும். முறிந்தால் துளைபோட்டு அடுத்த அளவுக்கு மரை வெட்ட வேண்டியதுதான். திரும்பப் போடும்போது எஸ்.எஸ். போல்ட், மரையில் அது இறுகிப்போகாமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பூச்சு. அதோடு ஹவுசிங்கின் அடியில் வடிகால் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே பழைய டயர் ட்யூபை வெட்டி மாஸ்ட்டில் ஹோஸ் கிளிப்பால் கட்டிவிட்டால் மழைத் தண்ணீர் பைப் வழியாக உள்ளே இறங்காது. இத்தனையும் செய்தால் பாளையங்கோட்டை மாதிரி கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் நன்றாகவே உழைக்கும்.

ஆனால் புதுப்பிப்பதன் மறைமுகச் செலவு ஒன்று இருக்கிறது. இதன் கிண்ணம் ஒவ்வொன்றும் வெட்டில்லாத முழு வளையம். மாஸ்ட்டிலிருந்து கழற்ற வேண்டுமானால் ஆன்டெனாவை இறக்க வேண்டும், இல்லையென்றால் ரோட்டரைக் கழற்றி மாஸ்ட்டை அடிப்பக்கமாக உருவ வழி பண்ண வேண்டும். பேரிங்குக்கு ஒரு மணி நேர வேலை, அதை வெளியே எடுக்க ஒரு நாள் கூத்து.

அதே மாதிரிப் புதிது வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து பேரிங்கின் விலையோடு போட்டி போடும். வருவதும் அதே அலுமினியம், அதே இரும்புக் குண்டுதான். கடற்கரையில் அது மறுபடியும் அதே முடிவுக்குத்தான் வரும். ஊருக்குள்ளே இருப்பவர், பிரித்துப் போட நேரமில்லாதவர், டவரின் தகட்டில் ஏற்கெனவே அந்த அளவுக்கு ஓட்டைகள் இருப்பவர் வாங்கலாம்.

மூன்றாவது வழியான ஃபிளாஞ்ச் பேரிங் நம் ஊரில் எளிதில் கிடைப்பது. மாவு மில், கன்வேயர், கல் குவாரி எல்லாவற்றிலும் ஓடுவது இதுதான், யு.சி.எஃப். 210 என்று கேட்டால் திருநெல்வேலியில் பேரிங் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். சதுர வார்ப்பிரும்பு ஹவுசிங், நாலு மூலையில் போல்ட் ஓட்டை, கிரீஸ் நிப்பிள், 50 மில்லிமீட்டர் துளை. நிலையாக நிற்கும்போது தாங்கும் சுமையே இரண்டு டன்னுக்கு மேல். நாம் கணக்குப் போட்ட 63 கிலோ அதற்குப் பொருட்டே அல்ல. உள்ளே இருக்கும் பேரிங்கின் வெளிவளையம் கோள வடிவம் என்பதால் பொருத்தும்போது கொஞ்சம் சாய்ந்து சரிப்படுத்திக்கொள்ளும்; தகடு சரியான மட்டத்தில் இல்லாத டவருக்கு இது பெரிய வசதி.

இதில் சிக்கல் பைப் அளவில் வருகிறது. ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். 50 துளையில் போட்டால் சுற்றிலும் 0.85 இடைவெளி, 0.8 மில்லிமீட்டர் எஸ்.எஸ். தகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் அழகாக அடைந்துவிடும். இரண்டு அங்குல பைப் 60.3. அது 60 துளையுள்ள 212க்குள் போகாது. 65 துளையுள்ள 213 வாங்கி, லேத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்து போட வேண்டியிருக்கும். கடைக்குப் போகும் முன் உங்கள் மாஸ்ட்டை வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். பைப்பை வாங்கும்போது சொன்ன அளவு உள்பக்கத்தை ஒட்டியது, பேரிங்குக்கு வேண்டியது வெளிப்பக்கம்.

உள்வளையத்தில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கினால் எடை ரோட்டரிலிருந்து பேரிங்குக்கு மாறிவிடும். இறுக்காவிட்டால் வளையத்துக்குள் பைப் உரசித் துத்தநாகம் போகும். ரோட்டர் கிளாம்பைத் தளர்த்தி மாஸ்ட் தானாக உட்கார்ந்த நிலையில் பேரிங் ஸ்க்ரூவை இறுக்கி, பிறகு கிளாம்பை இறுக்குவது ஒரு நடுவழி. மையம் சரியாக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், ஆனால் கனமானது; வருடத்துக்கு ஒரு கோட் பெயின்ட் போதும். உள்ளே இருப்பது குரோம் எஃகு என்பதால் கடற்கரையில் கிரீஸ் கன்னோடு வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏற வேண்டும். நம்மில் எத்தனை பேர் ஏறுவோம் என்பதை அவரவர் நேர்மையாக யோசித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: கடையில் 51110 என்ற தட்டையான த்ரஸ்ட் பால் பேரிங்கை எடுத்துக் காட்டினால் வாங்காதீர்கள். அது செங்குத்துப் பாரத்துக்கு மட்டுமே ஆனது, பக்கவாட்டுத் தள்ளலில் பிரிந்து கொட்டிவிடும்.

கடைசி வழி பிளாஸ்டிக் புஷ். கனமான ஒரு பாளம், நடுவில் மாஸ்ட்டைவிட ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ பெரிதான துளை, அவ்வளவுதான். சுழலும் பாகம் எதுவும் கிடையாது. மாஸ்ட் நிமிடத்துக்கு ஒரு சுற்றுக்கூடச் சுற்றாத இடத்தில் குண்டு பேரிங்கின் வேகம் நமக்கு எதற்கு? காற்றில் மாஸ்ட் ஆடினால் பிளாஸ்டிக் அதை வாங்கிக்கொள்ளும். பள்ளம் விழத் தடமே இல்லை. உப்பு அதை ஒன்றும் செய்யாது.

எந்தப் பிளாஸ்டிக் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நைலான் தண்டு எங்கும் கிடைக்கிறது என்று பலர் அதையே போட்டுவிடுகிறார்கள். பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் இதைப் பேசியபோது அவர் சொன்னதையே சொல்கிறேன்: “அண்ணாச்சி, நைலான் வேண்டாம். தண்ணி குடிச்சா ஊதிக்கிடும், பைப்பைப் பிடிச்சா விடாது. கறுப்புல யு.எச்.எம். பாளம் வாங்கிட்டு வாங்க, கடைஞ்சு தாரேன்.” அவர் சொன்னது முழுக்க உண்மை. சாதாரண நைலான் 6 தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் 9 சதவீதம் வரை உறிஞ்சும். ஐப்பசி மழையில் துளை சுருங்கி மாஸ்ட்டை இறுக்கும். டெல்ரின் என்று சொல்லப்படும் அசிட்டால் மிகக் குறைவாகவே உறிஞ்சும். யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீன் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, வழுக்கலும் அதிகம். கறுப்பு கேட்பது வெயிலுக்காக. அதில் கலந்திருக்கும் கார்பன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். வெள்ளை நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும். வெயிலுக்கு விரியவும் செய்யும் என்பதால்தான் அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. கச்சிதமாக இருக்கட்டும் என்று அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

இந்த வழியின் மிகப் பெரிய லாபம், புஷ்ஷை இரண்டு பாதியாகச் செய்யலாம் என்பது. ஆன்டெனாவை இறக்க வேண்டாம், மாஸ்ட்டை உருவ வேண்டாம். பாளத்தை முதலில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் போல்ட் போட்டுச் சேர்த்த பிறகுதான் துளை கடைய வேண்டும்; கடைந்துவிட்டு அறுத்தால் ரம்பத்தின் கனத்துக்குத் துளை முட்டை வடிவமாகிவிடும். உயரம் 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல், துளையின் இரண்டு விளிம்பும் சரித்து, பழைய பேரிங்கின் போல்ட் ஓட்டைகளிலேயே உட்காரும்படி செய்துகொள்ளலாம். இறுகிப்போன அலுமினிய ஹவுசிங்கை மேலேயே ஹேக்ஸாவால் அறுத்து எடுத்துவிடலாம். அடியில் ஒரு சாக்கைக் கட்டிவிட்டு அறுங்கள். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எஃகுக் குண்டு கீழே நிற்பவரின் தலையில் பட்டால் விபரீதம்.

குறையும் உண்டு. தேரித் தூசி பிளாஸ்டிக்கில் பதிந்துகொண்டு பைப்பின் துத்தநாகப் பூச்சைச் சுரண்டும். இதற்கு மருந்து, மாஸ்ட்டின் அந்த ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய எஸ்.எஸ். தகட்டைச் சுற்றி, மேலும் கீழும் கிளிப் போட்டுவிடுவது. அதற்குத் தகுந்தாற்போல் துளையைப் பெரிதாகக் கடையச் சொல்ல வேண்டும். தகடு சுற்றும் முன் பைப்பில் துத்தநாகம் சொட்டி உறைந்த முண்டுகளை அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள். புஷ்ஷில் கிரீஸ் பூசவே கூடாது, தூசியைப் பிடித்து வைப்பது அதுதான். இரண்டாவது குறை, ரோட்டரைச் சர்வீஸுக்கு இறக்கும்போது மாஸ்ட்டை அந்தரத்தில் பிடித்து வைக்கப் புஷ்ஷால் முடியாது. போல்ட் உள்ள பேரிங்கில் அந்த வசதி இருக்கிறது. புஷ் போட்டவர்கள் தகட்டுக்குச் சற்று மேலே மாஸ்ட்டில் ஒரு யு-போல்ட் கிளாம்பை நிரந்தரமாகப் போட்டு வைத்தால், ரோட்டரைக் கழற்றும் அன்று அதை இறக்கிப் புஷ்ஷின் மேல் உட்கார வைத்து இறுக்கிக்கொள்ளலாம்.

ஆக, யாருக்கு எது? கூடங்குளம் தொடங்கி உவரி வரை கடலோரத்தில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், புஷ்தான். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் போன்ற காற்றுவெளிகளிலும் அதையேதான் சொல்வேன். ராத்திரி முழுக்க ஆடும் மாஸ்ட்டுக்குக் குண்டு பேரிங் நாள்பட உழைப்பதில்லை. தென்காசி, செங்கோட்டைச் சாரலுக்கும் புஷ், ஆனால் கண்டிப்பாக நைலான் அல்ல. ஊருக்குள்ளே, கட்டடங்களின் மறைவில் சின்ன பீம் வைத்திருப்பவர்கள் நகச் சோதனையில் தேறினால் இருப்பதையே புதுப்பித்துக்கொள்ளலாம்.

கனமான மாஸ்ட்டில் இரண்டு மூன்று பீம் அடுக்கி, அதில் ஒன்று 40 மீட்டர் அலைவரிசைக்கான பெரிய பீமாகவும் இருந்தால் கணக்கு மாறும். எடை ரோட்டரின் எல்லையை நெருங்கும், பக்கவாட்டுச் சுமையும் சில மடங்கு ஏறும். அங்கே உச்சியில் ஃபிளாஞ்ச் பேரிங், அதற்கு ஒரு மீட்டர் கீழே இன்னொரு தகட்டில் பிளாஸ்டிக் புஷ் என்று இரண்டும் வைப்பது நல்லது. ரோட்டரை எடுத்தாலும் மாஸ்ட் நேராக நிற்கும்.

எதைத் தேர்ந்தாலும் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், மேல்காற்று ஆரம்பித்திருக்காது. காலை எட்டு மணிக்குள் ஏறிவிட்டால் வெயிலும் காற்றும் ஏறுவதற்கு முன் இறங்கிவிடலாம். பேரிங்கை எடுத்த நிமிடத்திலிருந்து புதிதை வைக்கும் வரை உச்சியில் பிடிப்பு இல்லை என்பதை மறக்கக் கூடாது. தகட்டின் ஓட்டைக்கும் பைப்புக்கும் நடுவே மர ஆப்புகளைச் செருகி, மாஸ்ட்டை டவரின் மூன்று கால்களுக்கும் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் ஹவுசிங்கைத் தொட வேண்டும். முழு உடல் ஹார்னெஸ், இரட்டை லேன்யார்டு. இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. ரோட்டர் கண்ட்ரோல் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கி, ஏறுபவரின் பையிலேயே போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். கீழே இருப்பவர் தெரியாமல் ஸ்விட்சை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. டிரான்ஸ்மிட்டருக்கும் அதே கவனிப்பு வேண்டும்.

புஷ் போட்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. குண்டு பேரிங் எப்படியோ மாஸ்ட்டையும் டவரையும் மின்சார ரீதியாக இணைத்து வைத்திருந்தது. பிளாஸ்டிக் உச்சியில் அந்த இணைப்பை அறுத்துவிடுகிறது. ஐப்பசி மாத இடியில் மாஸ்ட்டில் ஏறும் மின்னல், தரைக்கு இறங்க ரோட்டரின் உள்ளே இருக்கும் குண்டுகள் வழியாகப் பாதை தேடும். மாஸ்ட்டிலிருந்து டவர் காலுக்கு, முழுச் சுற்றுக்கும் இடம் கொடுக்கும்படி தொங்கவிட்ட பின்னல் கம்பி ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். தகரம் பூசிய செம்புப் பின்னல் நல்லது. வெறும் செம்பைத் துத்தநாகப் பூச்சின் மேல் நேராக இறுக்கினால் துத்தநாகம் அரித்துவிடும். உண்மையில் குண்டு பேரிங் வைத்திருப்பவர்களுக்கும் இது வேண்டும். மின்னல் குண்டுகள் வழியாகப் பாய்ந்தால் அவற்றில் பொத்தல் விழும். துருப்பிடித்த பேரிங் காற்றில் ஆடும்போது ரிசீவரில் வரும் கரகர சத்தமும் இந்தப் பின்னல் கட்டினால் பல சமயம் அடங்கிவிடுகிறது.

எல்லாம் முடிந்து இறங்கியதும், காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து ரோட்டரை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு ஓட்டி, எத்தனை வினாடி ஆகிறது என்று இரண்டு திசைக்கும் தனித்தனியாகக் குறித்து, கண்ட்ரோல் பாக்ஸின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். வேகத்தை மாற்றும் வசதி உள்ள ரோட்டர் என்றால் குமிழை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். மாதம் ஒரு முறை அதே மாதிரி ஓட்டிப் பார்த்தால் போதும். நேரம் கூடிக்கொண்டே போனால், முள் தயங்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே உச்சியில் ஏதோ இறுகுகிறது என்று தெரிந்துவிடும். ஏறுவதற்கு நல்ல நாள் பார்த்துக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கும்.